துணி மாடலுக்கு யுவி டெம்ப்ளேட் எங்கே கிடைக்கும்?

டாஸ் ஸ்டுடியோ என்ற 3டி மென்பொருளில் உருவங்களுக்கு மாட்ட வாங்கிய சட்டை மாடலில் சொந்தமாக டிசைன் போட வேண்டும், யுவி டெம்ப்ளேட்டை எங்கே தேடுவது என்பது கேள்வி. தேடவே வேண்டாம். அது அந்த மாடலுக்குள்ளேயே இருக்கிறது. விற்றவர் தனியாகக் கொடுத்திருந்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் நாமே எடுத்துக்கொள்ளலாம்.

தருமபுரியில் என் அம்மா ஜாக்கெட் தைப்பவர். அளவு ஜாக்கெட்டைப் பார்த்து, பழைய நியூஸ்பேப்பரில் முன்பாகம், பின்பாகம், கை, பட்டி என்று வெட்டி வைப்பார். யுவி டெம்ப்ளேட்டும் அதே பேப்பர் கட்டிங்தான். சட்டையைத் தையல் பிரித்துத் தரையில் விரித்தது போல இருக்கும். அதன்மேல் நாம் வரையும் படம், அதாவது டெக்ஸ்சர், சட்டையில் அந்தந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

டாஸில் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, பாராமீட்டர்ஸில் ரெசல்யூஷன் லெவலை 'பேஸ்' ஆக்குங்கள். இதை மறந்தால் டெம்ப்ளேட்டில் கோடுகள் கொசுவலை மாதிரி நெருங்கிவிடும். பிறகு ஓபிஜே என்ற 3டி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ப்ளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் இம்போர்ட் செய்யுங்கள். டேப் தட்டி எடிட் மோடுக்குப் போய், ஏ அழுத்தி எல்லாவற்றையும் செலக்ட் செய்து, யுவி எடிட்டரில் யுவி மெனுவுக்குள் 'எக்ஸ்போர்ட் யுவி லேஅவுட்' கொடுத்தால் பிஎன்ஜி வந்துவிடும். அளவு 1024 என்று இருக்கும், 4096 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பட்டன், காலர், துணி என்று பல மெட்டீரியல்கள் இருந்தால் ஒவ்வொன்றாக செலக்ட் செய்து தனித்தனியாக எடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

நான் மாட்டியது அடுத்த இடத்தில். பக்கத்துத் தெரு கபடி அணியின் போஸ்டருக்காக ஒரு பனியன் மாடல். டெம்ப்ளேட்டைத் திரையில் பார்த்த அம்மா, "ஏன்டா, ஒத்தக் கைதான் இருக்குது?" என்று கேட்டார். "அது கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, கையில் பெரிதாக 'தருமபுரி' என்று எழுதி, மாடலைப் படமாக்கி (ரெண்டர் போட்டு) அனுப்பினேன். வலது கையில் ஊர் பேர் ஒழுங்காக இருந்தது. இடது கையில் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் திரும்பியிருந்தது. இடம் மிச்சம் பிடிக்க, மாடல் செய்பவர்கள் இரண்டு கையையும் ஒரே இடத்தில் அடுக்கிவிடுவார்கள். கட்டிங் மேசையில் துணியை இரண்டாக மடித்து வெட்டுகிற மாதிரி.

ஆகவே எழுதும் முன் ஒரு சோதனை. ப்ளெண்டரில் புது இமேஜ் உருவாக்கும்போது 'கலர் கிரிட்' என்று ஒரு வகை உண்டு, எழுத்தும் எண்ணும் போட்ட கட்டங்கள். அதைச் சட்டைக்கு மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஒரே எழுத்தும் எண்ணும் சேர்ந்த கட்டம் இரண்டு இடத்தில் தெரிந்தால் அங்கே அடுக்கியிருக்கிறார்கள், எழுத்து திரும்பி நின்றால் கண்ணாடி வேலை, கட்டம் நீண்டிருந்தால் உங்கள் டிசைனும் அங்கே இழுபடும். நான் இடது கையை மட்டும் செலக்ட் செய்து, யுவி எடிட்டரில் கண்ணாடி போலத் திருப்பி (மிரர்), காலி இடத்துக்கு நகர்த்தி, டெம்ப்ளேட்டை மறுபடி எடுத்தேன். ரெண்டரும் ப்ளெண்டரிலேயே என்பதால் சரியாகிவிட்டது. ஆனால் அதே சட்டையை வாங்கிய மற்றவர்களுக்கும் உங்கள் டெக்ஸ்சரைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் யுவியைத் தொடாதீர்கள். அவர்களிடம் இருப்பது பழைய கட்டிங். அங்கே கையில் எழுத்தே போடாமல் கோடு, பார்டர் என்று முடித்துக்கொள்வதுதான் வழி.

அப்புறம், ஜிம்ப், கிரிதா போன்ற படம் வரையும் மென்பொருளில் டெம்ப்ளேட்டை மேல் லேயரில் வைத்துக் கீழே வரையுங்கள். நிறத்தைக் கோட்டோடு நிறுத்தாமல் பத்துப் பதினைந்து பிக்சல் வெளியே விடுங்கள், தையலுக்கு அம்மா அரை இஞ்ச் விடுவது போல. விடாவிட்டால் தையல் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். சேமிக்கும் முன் டெம்ப்ளேட் லேயரை அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, பனியன் முழுக்க மீன்வலை போட்ட மாதிரி வந்தது.