ஒற்றைத் தலைவலியும் விலக்கிவைத்த சாப்பாடும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பத்து வருடமாக எனக்கு ஒற்றைத் தலைவலி. ஆளாளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல தயிர், கத்தரிக்காய், சாக்லேட், காபி என்று ஒவ்வொன்றாக விட்டேன். வலி விடவில்லை. இப்போது கல்யாண வீட்டில் இலை போட்டாலே பயம் வருகிறது. வலி வந்தால் வீட்டில் முதல் கேள்வி, "என்னத்தத் தின்னே?" காரணமே இல்லாமல் அழுகிறேன். சாப்பாட்டினால்தான் மனசும் இப்படி ஆகிவிட்டதா?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

அந்தக் கேள்வியை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலி ஒரு நரம்பியல் நோய், பலருக்குக் குடும்ப வழியில் வருவது. நாக்கைக் கட்டவில்லை என்று உங்கள்மேல் பழி போட யாருக்கும் உரிமை கிடையாது.

சாக்லேட்டையே பாருங்கள். வலி தெரிவதற்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூளையில் எல்லாம் ஆரம்பித்துவிடுகிறது. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், மனச்சோர்வு, அப்புறம் இனிப்பு தின்னும் ஆசை. ஆசைப்பட்டுத் தின்கிறோம், பின்னாலேயே வலி வருகிறது, பழி சாக்லேட்டுக்குப் போகிறது. உண்மையிலேயே சில உணவு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, குறித்துவைத்துப் பாருங்கள்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறோம் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். எல்லோருக்கும் டப்பா கட்டி அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்கு ஆறிப்போன இட்லியைத் தின்கிற பெண்கள் எத்தனை பேர்! பட்டினி ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும், விரதமும் அப்படித்தான். தினம் இரண்டு மூன்று டம்ளர் காபி குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் அதுவே ஒரு நாளுக்குள் தலைவலியைக் கொண்டுவரும். ஒரு வாரம்வரை இருக்கும். குறைப்பதானால் மெல்லக் குறையுங்கள்.

சரி, மனசு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம், ஒன்று மற்றொன்றை வளர்க்கும். மனம் சோர்ந்தால் பசியும் தூக்கமும் கெடும், அதனால் வலி வரும், வலிக்குப் பயந்து இன்னும் குறைவாகச் சாப்பிடுவோம். 2021இல் அமெரிக்காவில் 182 பேரை வைத்து 16 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. மீன் கொழுப்பைக் கூட்டி, சமையல் எண்ணெய்களில் நிறைய இருக்கும் லினோலெயிக் அமிலத்தைக் குறைத்தவர்களுக்கு, வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட மாதத்தில் தலைவலி நாட்கள் சுமார் நான்கு குறைந்தன. ஆனால் தலைவலி வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று கேட்ட கேள்விகளில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. தட்டை மாற்றினால் மனசும் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

உங்கள் அழுகைக்குத் தனியாக வைத்தியம் வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் வலியோடு இதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் உதவுகிற மாத்திரைகள்கூட இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள், மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். நடு ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
அக்கா