சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி செய்யும் ஒரு பெண் பெரிய தெருநாயை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் அது வந்த முதல் மூன்று மாதங்களுக்குள் நடக்கும் எந்தப் பந்தயத்துக்கும் பணம் கட்டாதீர்கள். கேள்விக்கான பதில் இவ்வளவுதான். விடியற்காலையில் மிதித்துச் செல்லும்போது அந்த நாய் தினமும் உங்கள் கூடவே ஓடிவருகிறது என்றும், "சைக்கிளா நாயா, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும் நீங்கள் எழுதியிருந்த வரி என்னைச் சுருக்கென்று தைத்ததால் மேலும் எழுதுகிறேன். எனக்கும் அதே சொற்களைத்தான் சொன்னார்கள்.

நான் கோயம்புத்தூரில் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். முப்பத்தேழு வயதில்தான் பழைய ரோட் பைக், அதாவது பந்தயச் சைக்கிள், ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கினேன். என் பயிற்சிச் சாலை பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாக மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சிறுவாணிச் சாலை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேர் எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். போகும்போது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டரைத் தாண்டாத வேகம் திரும்பும்போது முப்பத்தைந்தைத் தொடும். அந்தச் சாலையில், மூடிக்கிடந்த ஒரு கொப்பரைக் களத்தின் வாசலில்தான் அவன் இருந்தான். வெள்ளை ரோமம், வெளிர்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள் என்று பார்த்தவுடனே ராஜபாளையம் கலப்பு என்று சொல்லிவிடக்கூடிய கடுவன் நாய். என் சைக்கிளைக் கண்டதும் பாய்ந்து வருவான்.

நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பதைவிட, இறங்கி நின்று சைக்கிளை நடுவில் நிறுத்திக்கொண்டு அதட்டுவதுதான் நல்லது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இறங்கி நின்றால் அவனும் நின்றான். அதட்டலுக்கு மட்டும் அசையவே இல்லை. மூன்று வாரம் கழித்து, அவனுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்தபோதும் அவன் திரும்பிப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட பிறகுதான் காரணம் புரிந்தது. அவனுக்குக் காது கேட்காது. நிறமி உயிரணுக்கள் உட்காதில் இல்லாமற்போவதால், வெள்ளை ரோமம் கொண்ட நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும் என்றும், ராஜபாளையத்தில் அது புதிதல்ல என்றும் மருத்துவர் பிறகு சொன்னார். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, கூப்பிட்டால் வராத குட்டி என்று தெரிந்ததும் சாலையில் விட்டிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். களத்தைச் சுற்றி இருந்தவர்களிடம் கேட்டும் ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்களின் காதில் இருக்கும் சிறு வெட்டும் அவனுக்கு இல்லை. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு அந்தத் தெருவில் சோறு போடுபவர் ஒருவர் இருக்க வாய்ப்புண்டு; அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கூட்டிவருவது முறை.

இருபத்தொன்பது கிலோ நாயைச் சைக்கிளில் கொண்டுவர முடியாது. ஒரு குட்டியானை வண்டி பிடித்து, அதன் பின்பக்கம் சாக்கு விரித்து ஏற்றி வந்தோம். வாசலில் இறக்கியதும் என் மாமியார், "ஏங்கண்ணு, நாய்னு சொன்னே, கன்னுக்குட்டிய இறக்கறே?" என்றார். வெள்ளையானை குட்டியானையில் வந்ததால் ஐராவதம் என்று பெயர் வைத்தவர் என் கணவர். கேட்காத காதுக்குப் பெயர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், பெயர் எங்களுக்காகத்தான்.

உண்ணிகளைக் கையால் எடுக்கவே நான்கு மாலைகள் ஆயின. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தது. இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்க வேண்டியிருந்தது. சூடு தணிந்த பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். முதல் இரண்டு மாதச் செலவு பதினோராயிரத்தைத் தாண்டியது. என் சைக்கிளின் இரண்டு டயர்களையும் மாற்ற எடுத்துவைத்த பணமும் அதில் கரைந்தது.

பதினாறாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். தூங்கிக்கொண்டிருந்தவனைப் பின்பக்கமாகச் சென்று முதுகில் தொட்டேன். காது கேளாத நாய் தூக்கத்தில் தொடப்பட்டால் பதறும் என்று தெரிந்திருந்தும் மறந்துவிட்டேன். அவன் திரும்பிய வேகத்தில் பல் என் இடது உள்ளங்கையில் இறங்கியது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். அவனுக்கு ஊசி போட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது என்பதால், உடனடிப் பாதுகாப்புக்காகக் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும், 0, 3, 7, 14, 28-ஆம் நாள் என்ற கணக்கில் ஐந்து தடுப்பூசிகளும் எனக்குப் போடப்பட்டன. நான்காவது ஊசிக்கும் ஐந்தாவது ஊசிக்கும் நடுவே வந்தது, நான் பணம் கட்டியிருந்த பந்தயத்தின் நாள்.

கடித்த நாயை வீட்டில் வைத்திருப்பது முட்டாள்தனம் என்று எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் தெருநாய்களுக்காகக் கொடி பிடிப்பவள் அல்ல. நாய்க்கடியால் குழந்தைகளை இழந்தவர்களின் கோபத்தை நான் தவறென்று சொல்லவும் மாட்டேன். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் முதலில் பிறப்பித்த உத்தரவையும், பதினொரு நாளில் அதை மாற்றியதையும் வைத்து ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியபோது, எந்தப் பக்கமும் சேராமல் இருந்தவள் நான். ஒரு நாயை மட்டும் தெருவிலிருந்து எடுத்து, ஊசி போட்டு, கருத்தடை செய்து, சுவருக்குள் வைத்திருக்கிறேன். அதனால் தெருவில் ஒரு நாய் குறைந்திருக்கிறது. இதில் யாருக்கு என்ன நட்டம்?

பந்தயத்துக்கு வருகிறேன். ஆண்களுக்கு நாற்பது கிலோமீட்டர், பெண்களுக்கு இருபது. "ஏன் பாதி?" என்று கேட்டதற்கு, "உங்கள் பாதுகாப்புக்குத்தான் மேடம்" என்றார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கின் சைக்கிள் தனிநபர் நேரப் போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே 32.4 கிலோமீட்டர் என்பதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை. எட்டுப் பெண்கள் புறப்பட்டோம். கட்டுப் போட்ட கையால் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. எதிர்காற்றில் கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கூட்டத்தின் பிடி விட்டால் அந்தக் காற்று முழுவதும் நம் பங்கு. ஆறாவது கிலோமீட்டரில் எனக்குப் பிடி விட்டது. தனியாக மிதித்தே வென்றவர்களும் உண்டு. அணி ஒப்பந்தம் எதுவும் இல்லாத கணித முனைவர் ஆனா கீசன்ஹோஃபர், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 137 கிலோமீட்டர் பந்தயத்தின் தொடக்கத்திலேயே பிரிந்து சென்று தங்கம் வாங்கினார். இரண்டாவதாக வந்த ஆன்மீக் வான் வ்ளூட்டன், முன்னால் ஒருத்தி போய்விட்டது தெரியாமல் தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். நான் பிரிந்தது பின்பக்கமாக. ஏழாவதாக முடித்தபோது முடிவுக்கோட்டில் இருந்த காற்றடைத்த வளைவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையைத் திறந்துவிட்டதால், கடைசி அரைக் கிலோமீட்டரை ஒரு டவுன் பஸ்ஸின் புகைக்குப் பின்னால்தான் ஓட்டினேன். எங்கள் பரிசளிப்பு ஆண்கள் பிரிவு முடிந்த கையோடு நடந்துவிட்டதாம். எனக்குப் பின்னால் இன்னொரு பெண் வந்துகொண்டிருந்தாள் என்பது மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாயால் எனக்குப் போனது ஒரு பந்தயம். இப்படி நடத்துபவர்களால் எத்தனை பெண்கள் இரண்டாவது முறை வராமற்போனார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தயவுசெய்து நாயைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் கட்டி ஓட்டாதீர்கள். வெயில் ஏறினால் நம் ஊர்த் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுட்டுவிடும். அது ஒரு பூனையைக் கண்டு இழுத்தால் நீங்கள் தரையில் கிடப்பீர்கள். பயிற்சிக்கு முன் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிவந்து, சோறு வைத்துவிட்டுப் போங்கள். நான் நாலரைக்கு எழுந்தவள், இப்போது நாலுக்கு எழுகிறேன். ஐராவதத்தை எழுப்ப வேண்டுமானால் தரையில் காலால் இரண்டு முறை தட்டுவேன். அதிர்வு தெரிந்து கண்ணைத் திறப்பான். மழை நாளில் பின்சக்கரத்தை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் பொருத்தி வீட்டுக்குள் மிதித்தால், எந்த அறையில் இருந்தாலும் வந்து, விரிப்பின் ஓரத்தில் தாடையைத் தரையோடு ஒட்டிவைத்துப் படுத்துக்கொள்கிறான். நான் நிறுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்க்கிறான்.

உங்கள் பந்தயம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதத்துக்குள் என்றால், முதலில் நாய்க்கு அங்கேயே சோறு வைத்துப் பழகுங்கள். தெரிந்த கால்நடை மருத்துவரை அழைத்துப்போய் ஊசியை மட்டும் போட்டுவிடுங்கள். பந்தயம் முடிந்த மறுநாள் குட்டியானைக்குச் சொல்லுங்கள்.