ரிட்டர்ன் வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க: சிறுதொழில் கேள்வி பதில்

மதுரையில் பதினோரு வருஷமா இட்லி மாவு பாக்கெட் போடறேன். தொழில் தொடங்கிட்டு, "அடுத்து என்ன?"ன்னு நிக்கிறவங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, மாவு போட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. தினம் 60 பாக்கெட் போகுது, அதுல 15 ஊதிப்போய் ரிட்டர்ன் வருது. அரிசி உளுந்து அளவை மாத்தணுமா?

அளவுல கை வைக்காதீங்கம்மா, இப்போதைக்கு. ஊதறதுன்னா உள்ளே மாவு பொங்கி வாயு சேருதுன்னு அர்த்தம். சூடு எங்கேயோ படுது. எங்கேன்னு கண்டுபிடிக்கணும்.

எனக்கும் முதல் கோடையில இதேதான். தண்ணியைக் குறைச்சேன், வெந்தயத்தை நிறுத்தினேன், ஒண்ணும் கேக்கலை. அப்புறம் ஒரு நோட்டுல ரிட்டர்னை மட்டும் கடை வாரியா எழுதினேன். பத்து நாள்ல பாத்தா முக்கால்வாசி ஒரே கடையிலேருந்து வந்திருக்கு! ராத்திரி கடை சாத்தற நேரத்துக்குப் போய் நின்னேன். அண்ணாச்சி கல்லாவைப் பூட்டினார், லைட்டை அணைச்சார், கையோட ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் அணைச்சார். கரண்ட் பில் பயம் அவருக்கு. விடிய விடிய என் மாவு உள்ளே பொங்கிக்கிட்டு இருந்திருக்கு. அவர்கிட்ட சண்டை போடலை. அந்தக் கடைக்கு மட்டும் காலையில பாதி, சாயங்காலம் பாதின்னு ராத்திரி மிஞ்சாத அளவுக்குக் கொடுத்தேன். ரிட்டர்ன் அடியோட குறைஞ்சுது.

உங்க 15 பாக்கெட்டும் எந்தக் கடை, எந்த நேரம் ஆட்டின மாவு, வண்டியில எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு எழுதுங்க. ஆட்டி முடிச்சதும் மாவைத் தொட்டுப் பாருங்க. கிரைண்டர் சூட்டுல வெதுவெதுன்னு இருந்தா, ஊற வெச்ச தண்ணியை வடிச்சிட்டு ஐஸ் தண்ணி விட்டு ஆட்டுங்க.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: சிறுதானிய முறுக்கு போடறேன். சாப்பிட்டவங்க எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. விற்பனைதான் இல்லை.

தெரிஞ்சவங்க முகத்துக்கு நேரா வேற என்ன சொல்வாங்க தம்பி? "நல்லா இருக்கா?"ன்னு கேக்கறதை விட்டுடுங்க. "போன வாரம் என்ன நொறுக்குத்தீனி வாங்கினீங்க, எங்கே, எவ்வளவுக்கு?"ன்னு கேளுங்க. காசு கொடுத்து ரெண்டாவது தடவை வாங்கினவங்களை எண்ணுங்க. ஒரு தடவை வாங்கிட்டு வராதவங்களுக்கு நீங்களே போன் பண்ணுங்க. விலையா, கடிக்கக் கஷ்டமா இருக்கா, வீட்டுல பிள்ளைங்க தொடலையா, அவங்க சொல்வாங்க. அதைக் கேக்கறப்ப மனசு வலிக்கும்தான். வாக்குவாதம் பண்ணாம எழுதிக்குங்க.

திருச்சி அம்மா ஒருத்தர்: ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன், குழப்பம்தான் மிச்சம்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்கம்மா. நான் ஒரே வாரத்துல உளுந்தையும் மாத்தி, ஊற வைக்கிற நேரத்தையும் மாத்தினேன். இட்லி கல்லு மாதிரி ஆயிடுச்சு. மாத்தின உளுந்தாலயா, நேரத்தாலயான்னு கடைசி வரை தெரியலை. மூட்டை உளுந்து வீணாப் போச்சு. இப்பவெல்லாம் புது உளுந்து வந்தா முதல்ல ஒரு படி மட்டும் ஆட்டி, எவ்வளவு காணுதுன்னு பாத்துட்டுத்தான் மூட்டை எடுப்பேன்.

கடலூர் தம்பி: பெரிய கம்பெனியானவங்களும் இப்படிப் பாத்துப் பாத்துத்தான் மாத்தினாங்களா?

உங்க ஊர்க்காரர் கதையே இருக்கே! கவின்கேர் கம்பெனியோட நிறுவனர் சி.கே.ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட சிக் ஷாம்பு தொடங்கினார். பிற்பாடு, எந்த கம்பெனி ஷாம்போட காலி சாஷே (சின்ன பாக்கெட்) அஞ்சு கொண்டுவந்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம்னு ஒரு திட்டம் போட்டார். ஜனங்க பழகினதும் திட்டத்தை மாத்தி, சிக் காலி சாஷே கொண்டுவந்தாத்தான் இலவசம்னார். அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனை வந்துச்சு. தலையில பூ வைக்கிற ஊருக்கு அது எவ்வளவு பொருத்தம்னு பாருங்க.

கோவையிலிருந்து ஒரு சகோதரர்: ஒரு வருஷமா நஷ்டம். விடறதா, தொடர்றதா?

கடன் வாங்கித்தான் வீட்டுச் செலவே ஓடுதுன்னா உடனே தொழிலைச் சுருக்குங்க. அதுல எனக்கு ரெண்டு எண்ணம் இல்லை. அந்த நிலைமை இல்லைன்னா, போன மூணு மாசத்துல புதுசா என்ன தெரிஞ்சுதுன்னு எழுதிப் பாருங்க. உங்க கோவை முருகானந்தம் பெண்களுக்கான நாப்கினைப் பஞ்சை வெச்சுத்தான் முதல்ல செஞ்சார், சரியா வரலை. கம்பெனி நாப்கின்ல இருக்கறது மரக்கூழ் நார்னு தெரிய அவருக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்ச பிறகுதான் கவனம் நாப்கின்லேருந்து மெஷின் மேல திரும்புச்சு. மகளிர் குழுக்களே வாங்கி ஓட்டற மாதிரி சின்ன மெஷின் செஞ்சார். உங்க தாள்ல அப்படி ஒரு வரியாவது இருந்தா, அதை மட்டும் சின்ன அளவுல செஞ்சு பாருங்க. தாள் வெறுமையா இருந்தா முதல்ல, உங்ககிட்ட வாங்கறதை நிறுத்தின பத்து பேரைப் போய்ப் பாருங்க. முடிவை அப்புறம் எடுக்கலாம்.

ஈரோட்டுத் தங்கச்சி மறுபடியும்: ஊதின பாக்கெட்டை என்ன செய்யறது அக்கா?

விக்காதீங்க. ஒண்ணை வெட்டி மோந்து பாருங்க. லேசான புளிப்பா, கெட்ட வாடையான்னு அதையும் நோட்டுல கடைப் பேருக்கு நேரா எழுதுங்க.