700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளால், நகரத்துத் தரை சில மில்லிமீட்டர் இறங்குவதைக் கண்டுபிடிக்க முடியுமா? கட்டடம் சாயப்போவதை முன்பே சொல்லுமா?

முதல் கேள்விக்கு, முடியும். செயற்கைக்கோள் ரேடார் தரவுகளோடு சில வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பதே தரையில் பல மீட்டர் அகலம். அதற்குள் மில்லிமீட்டரைத் தேட முடியாது. சூட்சுமம், ரேடார் தரைக்கு அனுப்பித் திரும்பப் பெறும் ரேடியோ அலையில் இருக்கிறது. அந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. தரை 2.8 செ.மீ. விலகினால், போக வர இரு வழிக்கும் சேர்த்து ஒரு முழு அலை கூடிவிடும். திரும்பி வரும் அலை முன்பைவிட ஒரு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு பிந்தியிருந்தால், விலகல் 2.8 மி.மீ. அவ்வளவுதான்.

இதற்கு நகரம்தான் தோதான இடம். மரமும் வயலும் வாரத்துக்கு வாரம் மாறும். சுவரும் கூரையும் வருடக்கணக்கில் ஒரே மாதிரி எதிரொலிக்கும். அப்படி மாறாத புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்துத் தொடரும் முறையை, 2000-ஐ ஒட்டி மிலான் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

எனக்கு முதலில் பாடம் கற்பித்தது காற்று. இரண்டே படங்களை ஒப்பிட்டபோது ஒரு பகுதி முழுக்க இறங்குவதுபோல் தெரிந்தது. பயந்துபோனேன். அப்புறம் முப்பது படங்களை வரிசையாகச் சேர்த்தேன், இறக்கம் மறைந்துவிட்டது. காற்றிலிருந்த ஈரம் அலையைத் தாமதப்படுத்தியிருக்கிறது! அன்றிலிருந்து இரண்டு படத்தை வைத்து யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை.

சரி, கட்டடம் சாய்வதைச் சொல்லுமா? மெதுவாக நடந்தால் தடயம் கிடைக்கும். மெக்சிகோ நகரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பழைய ஏரிக் களிமண் அமுங்கி, சில இடங்கள் வருடத்துக்கு அரை மீட்டர் வரை இறங்குகின்றன. ஆனால் எல்லாம் சமமாக இறங்கினால் சுவர் விரிசல் விடாது. ஒரு பக்கம் மட்டும் வேகமாக இறங்கும்போதுதான் ஆபத்து. திடீரென நிலம் உள்வாங்கிக் குழியாவதை இது முன்பே சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். ஏறக்குறைய வடக்கு தெற்காகப் பறந்தபடி பக்கவாட்டில் பார்ப்பதால், வடக்கு தெற்கு நகர்வும் அநேகமாகத் தெரியாது.

ஐரோப்பிய நகரங்களுக்கான அளவீடுகளை கோபர்நிகஸ் என்ற ஐரோப்பியப் புவிக் கண்காணிப்புத் திட்டம் இலவசமாகவே தருகிறது. அதைத் திறந்தால், இறக்கத்தைக் காட்டும் ஒற்றைச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் பதற வேண்டாம். அதன் காலவரிசை வரைபடத்தைப் பாருங்கள். கோடையில் ஏறிக் குளிரில் இறங்கினால், வெயிலில் விரியும் கட்டடமாக இருக்கலாம். பக்கத்துப் புள்ளிகளும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே இருந்தால், ஒரு பொறியாளரை நேரில் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.