நிலவுக்குப் போட்ட கணக்கு ஏன் தப்பாக வந்தது?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தூரத்தை வானியல் அலகிலும் (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம் ஒரு அலகு) சுற்றுக்காலத்தை ஆண்டிலும் எழுதினால், தூரத்தின் மும்மடியும் சுற்றுக்காலத்தின் இருமடியும் சமம் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. செவ்வாய்க்குச் சரியாக வந்தது. நிலவுக்குப் போட்டால், பூமியைச் சுற்ற 68.5 நிமிடம்தான் என்று வருகிறது. எங்கே தப்பு? ஈர்ப்பு விசைக்கும் இந்த விதிக்கும் என்ன தொடர்பு?

பதில்: நானும் போட்டுப் பார்த்தேன், அதே 68.5 நிமிடம்தான். பெருக்கலில் பிழை இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

கெப்ளர் 1619-இல் இந்த விதியை வெளியிட்டபோது, காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. சூரியனிலிருந்து வரும் ஏதோ ஒரு விசை கோள்களைத் தள்ளிக்கொண்டு போவதாக நினைத்தார். காரணத்தை நியூட்டன் 1687-இல் விளக்கினார்.

வட்டப்பாதை என்றே வைத்துக்கொள்வோம். சுற்றும் பொருளின் மையநோக்கு முடுக்கம், தூரத்தைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் வரும் அளவுக்கு நேர்த்தகவில் இருக்கும். அந்த இருமடியை எடுத்துவிட்டு, கெப்ளர் சொன்னபடி தூரத்தின் மும்மடியை அங்கே போடுங்கள். மேலே ஒரு தூரம், கீழே மூன்று. ஒன்று அடிபட்டுப் போக, கீழே தூரத்தின் இருமடி மிஞ்சுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்றாகும் என்ற ஈர்ப்பு விதி இதிலிருந்தே வந்துவிடுகிறது. மகள் இதைத் தன் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்; படித்தால் மட்டும் போதாது.

மரத்திலிருந்து விழும் காயை இழுப்பதும் இதே விசைதானா? நிலவு பூமியின் ஆரத்தைப்போல 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. அப்படியானால் தரையில் விழும் பொருளின் முடுக்கமான 9.8-ஐ 60-இன் இருமடியான 3,600-ஆல் வகுக்க வேண்டும்: 0.0027. நிலவின் தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் வைத்து அதன் முடுக்கத்தைத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 0.0027 மீட்டர்/வினாடி² வருகிறது. எத்தனை வருடம் பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். விதியில் இருக்கும் மாறிலி, அதாவது தூரத்தின் மும்மடியைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் வரும் எண், எல்லா இடத்துக்கும் பொதுவானது அல்ல. நடுவில் இருக்கும் பொருளின் நிறை அதற்குள் ஒளிந்திருக்கிறது. வானியல் அலகும் ஆண்டும் சூரியன் நடுவில் இருக்கும்போதுதான் பொருந்தும். மகள் தெரியாமலே பூமியின் இடத்தில் சூரியனை வைத்துவிட்டாள். சூரியனின் நிறை முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தில் அதைச் சுற்றும் பொருள் 68.5 நிமிடத்தில் சுற்றத்தான் வேண்டும்!

நிலவின் உண்மையான சுற்றுக்காலம் 27.32 நாள், அதாவது சுமார் 39,340 நிமிடம். இதை 68.5-ஆல் வகுத்தால் 574. அதன் இருமடி சுமார் 3,30,000. சூரியனின் நிறை பூமியைப்போல 3,33,000 மடங்கு! நிலவின் நிறையும் (பூமியில் 81-இல் ஒரு பங்கு) கணக்கில் சேர்ந்துகொள்வதே அந்தச் சிறு வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

ஆகவே தேர்வில் முதலில் 'நடுவில் இருப்பது எது?' என்று எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்கட்டும். பழகிப்பார்க்க ஒன்று தருகிறேன். வியாழனின் துணைக்கோள் அயோ 4,21,700 கி.மீ. தொலைவில் 1.77 நாளில் சுற்றுகிறது. நம் நிலவு 3,84,400 கி.மீ. தொலைவில். வியாழன் எத்தனை பூமிக்குச் சமம்? 315-க்குப் பக்கத்தில் வந்தால் மகள் போட்டது சரி.