அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்கு, முதல்ல டாக்டரா வக்கீலா?

அப்பாவுக்கு 74 வயசு, ஒரே விஷயத்த நாலு தடவ கேக்குறார், முதல்ல யார பாக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. டாக்டர் முதல்ல, ஆனா வக்கீலயும் அதே மாசம் பாத்துடுங்க. நாங்க ரெண்டு வருஷம் லேட் பண்ணி நல்லா பட்டோம்.

எங்கப்பா நல்லா இருக்கப்பவே என் பேர்ல பவர் (அவருக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடலாம்ங்கிற அதிகாரப் பத்திரம்) எழுதிக் குடுத்தார், அதான் பவர் இருக்கேன்னு தைரியமா இருந்துட்டோம். மறதி முத்திப்போய் என்னையே யாருன்னு கேக்குற நிலைமை வந்தப்புறம், வைத்தியச் செலவுக்கு ஒரு மனைய விக்கலாம்னு அந்த பவர தூக்கிட்டு வக்கீல்கிட்ட போனா, எழுதிக் குடுத்தவருக்கு சுயபுத்தி போச்சுன்னா பவரும் அதோட முடிஞ்சுது, ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவு பாருங்கன்னுட்டார். அப்புறம் ஹைகோர்ட்ல என்னைய கார்டியனா போடச் சொல்லி மனு, மெடிக்கல் ரிப்போர்ட், வாய்தான்னு அலைஞ்சதுல மாசக்கணக்கா போச்சு. பேங்க் கணக்கும் அவர் ஒருத்தர் பேர்ல மட்டும்தான். அம்மா பேரையும் சேத்து ஜாயின்ட்டா மாத்தியிருந்தா மாத்திரை வாங்கவாவது கை ஏந்தாம இருந்திருக்கலாம்.

டாக்டர் விஷயத்துல, "வயசானா அப்படித்தான்"னு சொன்ன ஒருத்தர நம்பி ஒரு வருஷத்த விட்டோம், அத நினைச்சா இன்னும் ஆறல. எல்லா மறதியும் டிமென்ஷியா கிடையாது. பி12 குறைவு, தைராய்டு, சோடியம் இறங்குறது (சில பிரஷர் மாத்திரையே இத இறக்கும்), தூக்க மாத்திரை, இதுலயெல்லாம்கூட மறதி வரும், வைத்தியம் பண்ணா தேறும். முதியோர் மருத்துவம் படிச்சவங்ககிட்ட போங்க. சென்னை ஜிஎச்ல 1978லயே முதியோருக்குன்னு ஓபி ஆரம்பிச்சாங்க, 2024ல கிண்டில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மையமே திறந்தாச்சு. போறப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை மொத்தத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, அதுல பாதி யார் எதுக்கு எழுதினதுன்னே தெரியாம இருக்கும்.

சொத்து பத்தி: "செட்டில்மென்ட் பண்ணிடுங்க சார், சுலபம்"னு பத்திரம் எழுதுறவர் சொல்லுவார், அதாவது உயிரோட இருக்கப்பவே சொத்த பிள்ளைங்க பேருக்கு எழுதிக் குடுத்துடுறது. அவசரப்படாதீங்க. உயில சுயபுத்தியோட இருக்குற வரைக்கும் எப்ப வேணா மாத்தலாம், வெள்ளப் பேப்பர்ல எழுதி ரெண்டு சாட்சி போட்டாலே செல்லும், ரிஜிஸ்டர் பண்றது கட்டாயமில்ல ஆனா பண்ணிடுங்க, அதே வாரத்துல தெளிவாத்தான் இருக்கார்னு டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கி வெச்சுக்கங்க. செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னா வீடு கைய விட்டுப் போச்சு. பண்ணித்தான் ஆகணும்னா, கடைசி வரைக்கும் பாத்துக்கணும்ங்கிற நிபந்தனைய பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க. அப்பதான் நாளைக்குப் பாக்காம விட்டா 2007ம் வருஷ முதியோர் சட்டம் 23வது பிரிவுல ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுத்து ரத்து பண்ணக் கேக்க வலுவா இருக்கும்.

இந்தப் பாடு போதும்னு அம்மாவுக்கு எல்லாத்தையும் முன்னாடியே பண்ணோம். வென்டிலேட்டர்லாம் வேணாம்னு அவங்களே சொன்னாங்க, அதையும் ரெண்டு சாட்சி வெச்சு நோட்டரிகிட்ட எழுதியாச்சு, 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல அதுக்கு வழி இருக்கு, 2023ல இன்னும் சுலபமாக்கிட்டாங்க.

உயில் எழுதுற அன்னிக்கு வக்கீலம்மா என்னையும் அக்காவையும் வெளிய போகச் சொல்லிட்டு அம்மாகிட்ட மட்டும் அரை மணி நேரம் பேசினாங்க. ஃபீஸ் குடுக்குறது நான், என்னையே வெளிய அனுப்புறாங்களேன்னு எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியில அக்காதான் சொன்னா, நாளைக்கு நீ மிரட்டி எழுதி வாங்கினேன்னு நானே கேஸ் போட முடியாதுல்ல, அதுக்குத்தான்டா.