எஃப்.ஐ.ஆர். இறந்த தம்பி மீது, சுட்டவர்கள் மீது?

கேள்வி: என் தம்பி மீது அடிதடி, கஞ்சா என்று சில வழக்குகள் உண்டு. ரவுடி பட்டியலிலும் பெயர் இருந்தது. போன மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு மஃப்டியில் வந்தவர்கள் வீட்டிலிருந்து அவனை வேனில் ஏற்றிப் போனார்கள். ஸ்டேஷனில் கேட்டால் தெரியாது என்றார்கள். மத்தியானம் டிவியில்தான் பார்த்தோம்: ‘போலீசாரை அரிவாளால் வெட்டிய ரவுடி என்கவுன்டரில் பலி’. உடலை வாங்கிப் புதைத்துவிட்டோம். போலீசைக் கொல்ல முயன்றதாகத் தம்பி மீதுதான் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். இப்போது கோட்டாட்சியர் விசாரணைக்குச் சம்மன் வந்திருக்கிறது. போகவே பயமாக இருக்கிறது. ‘செத்தது ரவுடிதானே, விட்டுவிடு’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, தென் மாவட்டம்

பதில்: விடாதீர்கள் அம்மா. உங்கள் தம்பி மீது எத்தனை வழக்கு இருந்தாலும் அவற்றுக்குத் தண்டனை கொடுக்க வேண்டியது கோர்ட். கைது செய்வதற்குத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று போலீசுக்கு அதிகாரம் தரும் அதே 43-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்ல அந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்றும் சொல்கிறது. மிச்சம் இருப்பது தற்காப்பு. அது உங்களுக்கும் எனக்கும் உள்ள உரிமைதான். காக்கிச் சட்டைக்கென்று தனித் தற்காப்பு கிடையாது. வழக்கு விசாரணைக்கு வரும்போது, தற்காப்புக்காகச் சுட்டேன் என்பதைக் காட்டும் பொறுப்பு சுட்டவருக்கே.

எஃப்.ஐ.ஆர். விஷயத்துக்கு வருகிறேன். இறந்தவர் மீது மட்டும் வழக்குப் பதிந்து, ‘குற்றவாளி இறந்துவிட்டார்’ என்று கோப்பை மூடுவது பழைய வழக்கம். மணிப்பூரில் 1,528 என்கவுன்டர் மரணங்கள் பற்றி உறவினர்கள் உச்ச நீதிமன்றம் போனபோது அங்கேயும் இதே கதைதான். 2017 ஜூலையில் அவற்றில் ஒரு பகுதியை சிபிஐ சிறப்புக் குழு விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2014 செப்டம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 கட்டளைகள் பிறப்பித்திருக்கிறது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் யார் இறந்தாலும் எஃப்.ஐ.ஆர். பதிந்து கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். விசாரணையை சிஐடியோ வேறு ஸ்டேஷன் போலீசோ நடத்த வேண்டும். மேற்பார்க்கும் அதிகாரி, என்கவுன்டருக்குப் போன குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். சுட்ட துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் வீடியோவில் பதிவு செய்து நடத்த வேண்டும். சுட்டவர்களுக்கு உடனே பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது.

இதில் எது மீறப்பட்டாலும் குடும்பத்தார் நேரடியாக மாவட்ட செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் கொடுக்கலாம் என்பது 16-ஆவது கட்டளை. பலருக்கும் தெரியாத கதவு இது. ‘எந்த ஸ்டேஷன் விசாரிக்கிறது, வீடியோவின் நகல் எங்கே’ என்று கேட்டு அங்கே ஒரு மனு போடுங்கள். கூடவே, ஆளைத் தூக்கிப்போய்க் கொன்றுவிட்டார்கள் என்று எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபாலில் புகார் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அவர் அசையாவிட்டால் நடுவர் நீதிமன்றம், அதற்கும் மேல் ரிட் மனுவோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த நான்கு மணி. வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள் என்றால் அவர் போலீஸ் காவலில் இருந்தார். அப்போது இது காவல் மரணம். அதே நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 196-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் போதாது, நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். சம்மன் தேதியன்று கட்டாயம் போய் வாக்குமூலம் கொடுங்கள். நீங்கள் போகாவிட்டால் போலீஸ் சொன்னது மட்டுமே அறிக்கையாகும். ஆனால் முதல் வேலையாக, காவலில் நடந்த மரணம் என்பதால் நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சொன்னதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மற்ற சாட்சிகளை விசாரிக்கும்போது உடனிருக்கவும் உறவினர்களுக்கு உரிமை உண்டு.

2006 நவம்பரில் மும்பையில் லக்கன் பையா என்கிற ராம்நாராயண் குப்தா கொல்லப்பட்ட வழக்கு நின்றது இப்படியொரு நேரக் கணக்கில்தான். பகலில் வாஷியில் ஆளைத் தூக்கியதுமே, வக்கீலான அவருடைய சகோதரர் போலீஸ் அதிகாரிகளுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்பிவிட்டார். சாயங்காலம் வெர்சோவாவில் என்கவுன்டர் என்றார்கள். அதற்கு முன்பே ஆள் பிடிபட்டிருந்ததற்கு அந்தத் தாள்கள் சாட்சி. 2013-இல் 13 போலீசாருக்கு ஆயுள் தண்டனை. அன்று விடுதலையான அதிகாரி பிரதீப் சர்மாவுக்கும் 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் விதித்தது. பதினேழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். லக்கன் பையாவோடு கடத்தப்பட்ட அனில் பேடா, சாட்சி சொல்லும் முன்பே 2011-இல் கொல்லப்பட்டார் என்பதையும்தான். அதனால் மிரட்டல் வந்தால் தாமதிக்காமல், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனு கொடுங்கள்.

எனவே உங்கள் தெருவில் எந்தக் கடையில் சிசிடிவி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பெரும்பாலான கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பென் டிரைவில் எடுத்து, கடைக்காரரிடம் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்றும், அதாவது மின்னணுப் பதிவுக்கான சான்றும், வாங்குங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அழிக்கக் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். அன்று காலை நீங்கள் யாருக்கெல்லாம் போன் செய்தீர்களோ அந்த அழைப்புப் பட்டியலும் வேண்டும். எரிக்காமல் புதைத்தது ஒரு விதத்தில் நல்லது. தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற உத்தரவோடு தோண்டியெடுத்து மறு பிரேதப் பரிசோதனை கேட்கலாம். அதற்கும் நாளாகக் கூடாது.

அரசின் முன் அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் மீது வழக்கு நடத்த முடியாது என்று பயமுறுத்துவார்கள். கடமையைச் செய்யும்போது நடந்ததற்குத்தான் அந்தப் பாதுகாப்பு. அனுமதி தேவைப்பட்டாலும், அரசு 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் கொடுத்ததாகவே புதிய சட்டம் கொள்கிறது. மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். சம்மன் தேதிக்கு முன்பே போய்விடுங்கள். அன்று உங்கள் பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்கட்டும்.